லினக்ஸ் கணினிக்கு வைஃபை கார்டு வாங்கும் முன்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்தை ஒட்டிய பட்டணத்தில், கணினிக் கடைக்குப் போய் வைஃபை கார்டு கேட்டால் கையில் கிடைத்த யூஎஸ்பி குச்சியைத்தான் எடுத்து நீட்டுவார்கள். விண்டோஸில் அது ஓடிவிடும். லினக்ஸில் ஓடுமா என்பதைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் சிப். அந்தச் சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு சேர்ந்தே வருகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பதிப்பில் ஏதெரோஸ் ஏஆர்9271 சிப்; லினக்ஸில் தலைவலி இல்லை. இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் சிப்புக்கு மாற்றிவிட்டார்கள், பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. ஷாப்பி இணையச் சந்தையில் வாங்குவதானால் பதிப்பு எண்ணைக் கேளுங்கள். விற்பவருக்குச் சொல்லத் தெரியவில்லையா, வேறு கடை பாருங்கள்.

டிரைவர் வெளியிலிருந்து வரவேண்டிய சிப் என்றால், ஒவ்வொரு கெர்னல் மாற்றத்துக்கும் அதைத் திரும்பத் தொகுக்க வேண்டும். நம்பகமான மென்பொருளோடு மட்டும் கணினியைத் துவக்கும் செக்யூர் பூட் போட்டிருந்தால் கையொப்பமில்லாத டிரைவரைக் கெர்னல் ஏற்காது. வைஃபை போனபின் அதைச் சரிசெய்யவும் இணையம் வேண்டுமே! அப்போது கைப்பேசியை யூஎஸ்பி கேபிளில் செருகி, அதன் இணையத்தைக் கணினிக்குப் பகிரும் டெதரிங் போட்டுச் சமாளிக்கலாம்.

இடம் இருந்தால் குச்சியை விட, கணினிக்குள் தாய்ப்பலகையில் செருகும் பிசிஐஇ கார்டே மேல். இன்டெல் ஏஎக்ஸ்200க்குக் கெர்னல் 5.1, ஏஎக்ஸ்210க்கு 5.10, மீடியாடெக் எம்டி7921க்கு 5.12, எம்டி7922க்கு 5.16 அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். உபுண்டு 20.04 என்ற லினக்ஸ் பதிப்பு முதலில் 5.4 கெர்னலோடு வந்தது. அதில் ஏஎக்ஸ்210 வேலை செய்யாது. ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 இரண்டும் மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். அவற்றின் பாதி வேலையை இன்டெல் செயலிக்கான சில தாய்ப்பலகைகளே செய்கின்றன. ஏஎம்டி கணினியில் வெறும் தகடு.

டிரைவர் இருந்தாலும், கார்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருளான ஃபெர்ம்வேர் கோப்பு இல்லாமல் இந்தக் கார்டுகள் எழுந்திருக்காது. டெபியன் என்ற லினக்ஸ் வகையில் 12ஆம் பதிப்பு முதல் அது நிறுவல் கோப்பிலேயே வருகிறது. பழைய டெபியனில் தனியாகப் போட வேண்டும்.

அலுவலகங்களிலிருந்து கழித்துவிட்ட ஒல்லிக் கணினி என்றால் கார்டைப் பெட்டியில் பிடித்துவைக்கும் குட்டைத் தகடும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். மின்சார ஒயரைக் கழற்றிவிட்டுக் கார்டைச் சிறிய எக்ஸ்1 துளையில் அழுத்துங்கள். நீண்ட எக்ஸ்16 துளையிலும் பொருந்தும். கூடவே வரும் யூஎஸ்பி ஒயரைப் பலகையில் உள்ள 9 ஊசி யூஎஸ்பி முனையில் செருகாவிட்டால் வைஃபை வரும், புளூடூத் வராது. பலர் கார்டு பழுது என்று திருப்பி அனுப்புவது இதனால்தான்.

இனி ஆன்டெனா. லயத்து வீட்டில் ரௌட்டர் முன் கூடத்தில், கணினி பின்னறையில் இருக்கும். செங்கல் சுவர் தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் சோர்ந்துபோகும்; 2.4 தாக்குப்பிடிக்கும். கணினியின் முதுகில் மாட்டிய ஆன்டெனாவை இரும்புப் பெட்டியே மறைப்பதால், ஒயர் வைத்த காந்த அடி ஆன்டெனாவை மேசைமேல் நிறுத்துங்கள். குச்சிதான் வேண்டுமென்றால் யூஎஸ்பி 3 துளையை ஒட்டிச் செருகாதீர்கள். அதன் இரைச்சல் 2.4 அலைவரிசையைக் கெடுக்கும். ஒரு நீட்டிப்பு ஒயர் போதும்.

கணினியிலிருந்தே பக்கத்து அறைகளுக்கு 5 கிகாஹெர்ட்ஸில் வைஃபை பகிர நினைப்பவர்கள் இன்டெல்லைத் தவிர்த்து மீடியாடெக்கை எடுங்கள். எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதை இன்டெல் கார்டு தானே கணித்துக்கொண்டு, அந்த அலைவரிசையில் ஹாட்ஸ்பாட்டைப் பெரும்பாலும் மறுத்துவிடும்.

பொருத்தியபின் முனையத்தில் எல்எஸ்பிசிஐ கட்டளையைக் கெர்னல் விவரம் காட்டும் கே விருப்பத்தோடு (lspci -k) ஓட்டுங்கள். இன்டெல் கார்டின் கீழ் ஐடபிள்யூஎல்வைஃபை என்ற டிரைவர் பெயர் தெரிய வேண்டும். கார்டு தெரிந்து டிரைவர் பெயர் இல்லையென்றால் பெரும்பாலும் கெர்னல் பழசு. டிரைவர் தெரிந்தும் வைஃபை வரவில்லையென்றால் கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி (dmesg) பதிவில் ஃபெர்ம்வேர் குறை சொல்கிறதா என்று தேடுங்கள். கார்டே பட்டியலில் இல்லையா, கழற்றித் திரும்ப அழுத்திச் செருகுங்கள்.