இன்ஹேலர் எடுத்தும் இழுப்பு அடங்கவில்லையா? மருந்தை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

ஸ்பைரோமெட்ரி ஊதி, ஆஸ்துமாவா சிஓபிடியா (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்) என்று தெரிந்து, மருந்தும் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். வெறும் எக்ஸ்ரே பார்த்து எழுதிய மருந்து என்றால் முதலில் அந்த ஊதும் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனையில் நுரையீரல் பிரிவு இருக்கிறது. ஒருமுறை ஊதி, மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலரில் 4 பஃப் எடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி ஊத வேண்டும். முதல் விநாடியில் வரும் காற்று 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால் ஆஸ்துமாவுக்கு வாய்ப்பு அதிகம். மருந்துக்குப் பிறகும், மொத்தக் காற்றில் முதல் விநாடிப் பங்கு 70 சதவீதத்துக்குக் கீழேயே நின்றால் சிஓபிடியாக இருக்கலாம். பீடியைத் தொடாத பெண்களுக்கும் இது வரும். சவுக்கு விறகிலும் முந்திரி விறகிலும் இருபது முப்பது வருடம் சமைத்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இனி பம்பு இன்ஹேலர். வெறும் வாயில் அடிக்காதீர்கள், பம்புக்கும் வாய்க்கும் நடுவில் மாட்டும் பிளாஸ்டிக் குழாயான ஸ்பேசர் வாங்குங்கள். வால்வு உள்ளதே என் தேர்வு. பம்பை அழுத்துவதும் மூச்சை இழுப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். அரை விநாடி தப்பினாலும் மருந்து தொண்டையில் படிந்துவிடும். ஸ்பேசர் அந்தத் தொல்லையை எடுத்துவிடுகிறது.

1. மூடியைக் கழற்றி, உள்ளே தூசி இருக்கிறதா என்று பாருங்கள். புது இன்ஹேலர் என்றாலோ, பல நாள் தொடாமல் இருந்தது என்றாலோ காற்றில் இரண்டு பஃப் அடித்துவிடுங்கள்.

2. ஐந்தாறு முறை நன்றாகக் குலுக்கி, டப்பா நிமிர்ந்து நிற்கும்படி ஸ்பேசரில் சொருகுங்கள்.

3. மூச்சை வெளியே விட்டுவிட்டு, ஸ்பேசர் வாயைப் பல்லுக்கு நடுவில் வைத்து உதட்டால் மூடுங்கள்.

4. ஒரே ஒரு பஃப். இரண்டையும் சேர்த்து அடித்தால் துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், நெஞ்சுக்குப் போகும் மருந்து குறையும்.

5. உடனே மெதுவாக இழுங்கள், நான்கைந்து விநாடி. சில ஸ்பேசர்களில் விசில் சத்தம் வரும். வந்தால் வேகம் அதிகம் என்று பொருள்.

6. பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடியுங்கள். முடியாத பெரியவர்கள் ஸ்பேசருக்குள்ளேயே ஐந்து முறை சாதாரணமாக மூச்சு விட்டு வாங்கினால் போதும்.

7. அடுத்த பஃப்புக்கு அரை நிமிடமாவது இடைவெளி, மறுபடி குலுக்கல். ஸ்டீராய்டு மருந்து என்றால் கடைசியில் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை படியும்.

ஸ்பேசரைக் கழுவுவதில்தான் பெரிய தப்பு நடக்கிறது. துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்னூட்டம் ஏறி, மருந்துத் துளிகளைச் சுவரே பிடித்துக்கொள்ளும். வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்புத் திரவம் விட்டு முக்கி எடுங்கள். உள்பக்கம் அலசாமல், உதறிக் கவிழ்த்துக் காற்றில் காயவிடுங்கள். வாயில் வைக்கும் பகுதியை மட்டும் அலசலாம். புது ஸ்பேசரையும் இப்படிக் கழுவிய பிறகுதான் பயன்படுத்த வேண்டும்.

கேப்ஸ்யூலைக் கருவியில் போட்டு இழுக்கும் பொடி மருந்து எடுப்பவர்களுக்குச் சில விஷயங்கள் தலைகீழ்: ஸ்பேசர் கிடையாது, இழுப்பதும் வேகமாக, ஆழமாக. கேப்ஸ்யூலை விழுங்கிவிடுபவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள், வீட்டுப் பெரியவர்களைக் கவனியுங்கள். கடலூர், புதுச்சேரிக் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். கேப்ஸ்யூல் டப்பாவைத் திறந்து வைத்தால் கேப்ஸ்யூல் இளகிச் சரியாகப் பிளக்காது, பொடியும் கட்டி தட்டும். ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தாலும் மேலே நீர் கோத்துக்கொள்ளும். மூடியை இறுக்கி அலமாரியில் வையுங்கள், கருவிக்குள் மூச்சை ஊதாதீர்கள். வேகமாக இழுக்கத் தெம்பில்லாத சிஓபிடி நோயாளிக்குப் பொடியைவிட ஸ்பேசரே மேல் என்பது என் கருத்து. டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை: பம்பு டப்பா தீர்ந்ததா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கலாமா என்று பலர் கேட்டிருந்தார்கள். கூடாது. அது சரியாகக் காட்டாது, முனையிலும் நீர் புகும். எண் காட்டும் இன்ஹேலர் வாங்குங்கள், இல்லையென்றால் எடுக்கும் பஃப்பை நாள்காட்டியில் கோடு போடுங்கள்.

இன்னொரு கேள்வி, இழுப்பு வந்தால் மட்டும் நீல பம்பு (சால்பியூட்டமால்) எடுத்தால் போதுமா? ஆஸ்துமாவுக்குப் போதாது. அது மூச்சுக்குழாயை விரிக்கும், உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது. அதனால்தான் 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் சால்பியூட்டமாலை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்கிறது. ஸ்டீராய்டு இன்ஹேலரை நன்றாக இருக்கும் நாளிலும், டாக்டர் சொன்னபடி எடுக்க வேண்டும்.

ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பம்பு எடுத்தும் நான்கு மணி நேரம்கூடத் தாங்காவிட்டாலோ 108ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை உட்கார்ந்தபடி, ஸ்பேசர் வழியாக ஒவ்வொன்றாக 4 பஃப் சால்பியூட்டமால் எடுங்கள். குறையாவிட்டால் 20 நிமிடத்தில் மறுபடியும் 4.