20 பேருக்கு ஒரு சர்வர்: விடிஐ அமைக்கும் முறை

விடிஐயில் (விர்ச்சுவல் டெஸ்க்டாப் அமைப்பு) மேசைமேல் இருக்கும் கணினியில் வேலை நடப்பதில்லை. ஒவ்வொருவரின் விண்டோஸும் ஒரு பொதுச் சர்வரில் ஓடுகிறது. பயனருக்கு வருவது திரையின் படம், அவரிடமிருந்து போவது கீபோர்டு தட்டலும் மவுஸ் அசைவும். 20 பேர் உள்ள, ஆக்டிவ் டைரக்டரி டொமைன் (பயனர்களையும் கணினிகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) ஏற்கெனவே இருக்கும் ஓர் அலுவலகத்துக்கு ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓட்டும் புராக்ஸ்மாக்ஸ் மென்பொருளில் இதை அமைப்போம்.

1. சர்வர் கணக்கு

ஆளுக்கு 2 விசிபியு (விஎம்முக்குத் தரும் மெய்நிகர் சிபியு), 8 ஜிபி ரேம். எல்லோரும் ஒரே நொடியில் சிபியுவை இழுக்க மாட்டார்கள் என்பதால் சர்வரின் ஒரு நிஜ கோருக்கு 4 விசிபியு வரை பகிரலாம்; 16 கோர் தாராளம். ரேமில் அந்தச் சலுகை கிடையாது. 160 ஜிபி பயனர்களுக்கே போய்விடும், ஆகவே 192 ஜிபி போடுங்கள். டிஸ்க் இரண்டு என்விஎம்இ எஸ்எஸ்டி, இசட்எஃப்எஸ் மிரராக (ஒன்றில் உள்ளதே மற்றதிலும் இருக்கும்படி). ஹார்ட் டிஸ்க் வேண்டவே வேண்டாம்: காலை 9 மணிக்கு 20 விண்டோஸும் ஒன்றாக பூட் ஆனால் அது தாங்காது. எஸ்எஸ்டி இருந்தாலும் 8 மணியிலிருந்தே அரை நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாக ஆன் செய்வது நல்லது.

2. டெம்ப்ளேட்

விண்டோஸ் 11 எண்டர்பிரைஸுக்கு ஒரு விஎம் உருவாக்குங்கள்: யுஇஎஃப்ஐ பூட், டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப், 64 ஜிபி டிஸ்க். இன்ஸ்டால் செய்யும்போது டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பயப்படாதீர்கள். விஎம்மின் டிஸ்க்குக்கான விர்ட்ஐஓ டிரைவர் ஐஎஸ்ஓவை இரண்டாவது டிவிடியாக இணைத்து டிரைவரை ஏற்றினால் தெரியும்.

மென்பொருள்களைப் போட்டபின் சிஸ்பிரெப்பை (விண்டோஸின் தனி அடையாளங்களை நீக்கி நகலெடுக்கத் தயாராக்கும் கருவி) ஜெனரலைஸ் தேர்வுடன் ஓட்டி அணையுங்கள். பிட்லாக்கர் டிஸ்க் குறியாக்கம் ஆன் ஆகியிருந்தாலும், ஸ்டோர் செயலி ஒரே பயனருக்கு மட்டும் நிறுவப்பட்டிருந்தாலும் சிஸ்பிரெப் நின்றுவிடும். இந்தப் படியைத் தாண்டிப் போக நினைக்காதீர்கள். தாண்டினால், இந்த விஎம்மிலிருந்து எடுக்கும் எல்லா குளோன்களுக்கும் (நகல்களுக்கும்) ஒரே எஸ்ஐடி (கணினியின் அடையாள எண்) இருக்கும்; 2025 ஆகஸ்ட் இறுதிக்குப் பின் வந்த விண்டோஸ் 11 அப்டேட்களில் அப்படிப்பட்ட கணினிகளுக்கிடையே லாகின் தோற்கிறது.

விஎம்மை டெம்ப்ளேட்டாக மாற்றி, 20 லிங்க்டு குளோன் எடுங்கள். ஒவ்வொன்றும் மாற்றங்களை மட்டுமே சேமிப்பதால் இடம் மிச்சம்.

3. தினமும் புதுசு

குளோன்களை டொமைனில் சேர்த்து, அணைத்து, ஸ்னாப்ஷாட் (அந்த நேர நிலையின் பதிவு) எடுங்கள். இரவில் ஒரு ஸ்கிரிப்ட் அவற்றை அந்த ஸ்னாப்ஷாட்டுக்கே திருப்பும். ஆனால் ஒரு மாதம் எல்லாம் ஒழுங்காக ஓடிவிட்டு, திடீரென்று டொமைன் நம்பிக்கை உறவு முறிந்ததாகப் பிழை வரும். காரணம், கணினிகள் 30 நாளுக்கொருமுறை தங்கள் டொமைன் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்கின்றன. ஸ்னாப்ஷாட்டிலோ பழையதுதான் இருக்கிறது. குளோன்களுக்கு இந்த மாற்றத்தைக் குரூப் பாலிசியில் (டொமைன் கணினிகளுக்கான மைய அமைப்புகள்) முடக்குங்கள், ஸ்னாப்ஷாட் எடுப்பதற்கு முன்பே.

4. பயனரின் பொருள்கள்

இரவில் எல்லாம் அழியுமென்றால் டெஸ்க்டாப் கோப்புகளும் அவுட்லுக் அமைப்புகளும் எங்கே போகும்? மைக்ரோசாஃப்டின் எஃப்எஸ்லாஜிக்ஸ் மென்பொருள் அவற்றை ஆளுக்கொரு விஎச்டிஎக்ஸ் (மெய்நிகர் டிஸ்க்) கோப்பாகத் தனி ஃபைல் சர்வரில் வைத்து, லாகின் செய்ததும் இணைத்துவிடும். உச்ச அளவு இயல்பாக 30 ஜிபி. 20 பேருக்கு 600 ஜிபி ஒதுக்குங்கள். பேக்கப் முதலில் தேவைப்படுவது இதற்குத்தான். ஒருவரே இரண்டு விஎம்மில் நுழைந்தால் கோப்பு பூட்டியிருக்கும், இரண்டாவது லாகின் சிக்கலாகும். ஆன்டிவைரஸ் ஸ்கேனிலிருந்து விஎச்டிஎக்ஸ் கோப்புகளை விலக்காவிட்டால் லாகின் நிமிடக்கணக்கில் இழுக்கும்.

5. வாசல்

பிரவுசர் வழியே விஎம்களைத் திறக்கும் குவாக்கமோலி மென்பொருளை நிறுவி, 20 விஎம்களையும் ஒரே பேலன்சிங் குழுவில் சேருங்கள். ஒவ்வொரு விஎம்முக்கும் ஒரே இணைப்பு என்று வரம்பு வையுங்கள். பயனர் பிரவுசரில் நுழைந்தால் காலியான ஒன்று கிடைக்கும். வெளியே திறக்க வேண்டியது 443 (எச்டிடிபிஎஸ்) போர்ட் மட்டுமே. விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பான ஆர்டிபியின் 3389 போர்ட்டை இணையத்தில் திறந்து வைப்பது ரான்சம்வேருக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது.

லைசென்ஸ் தனிச் செலவு: கடையில் வாங்கிய கணினியோடு வந்த விண்டோஸ் இதற்குச் செல்லாது, எண்டர்பிரைஸ் சந்தாவோ விடிஏ (மெய்நிகர் டெஸ்க்டாப் அணுகல்) லைசென்ஸோ வேண்டும்.

பிங் (சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) 100 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் தட்டச்சு சுகமாக இருக்கும். 150ஐத் தாண்டினால் எழுத்துகள் தாமதித்து வரும். வீடியோ அழைப்பை மட்டும் விஎம்முக்குள் நடத்தாமல் பயனரின் சொந்தக் கணினியிலேயே விட்டுவிடுங்கள்.