வர்த்தக ஒப்பந்தத்துல தொழிலாளர், சுற்றுச்சூழல் ஆலோசனை: செய்யக்கூடாத தப்புகள்

யூனியன்லயோ சுற்றுச்சூழல் அமைப்புலயோ இருக்கீங்க, ஒரு வர்த்தக ஒப்பந்தத்தோட ஆலோசனைக் குழுவுல சீட் கெடச்சிருக்கு, அரசாங்கத்துக்கு என்ன எழுதி அனுப்பறதுன்னு யோசிக்கிறீங்கன்னா இது உங்களுக்குத்தான். 2011ல அமலுக்கு வந்த தென்கொரியா ஒப்பந்தத்துலேர்ந்து ஐரோப்பிய யூனியன் போடற ஒப்பந்தங்கள்ல இந்த மாதிரி உள்நாட்டு ஆலோசனைக் குழு வழக்கமாயிடுச்சு, யூனியன், முதலாளிகள் சங்கம், சுற்றுச்சூழல் அமைப்புன்னு மூணு தரப்பும் அதுல உக்காருவாங்க. முடிவெடுக்கற அதிகாரம் கிடையாது, ஆலோசனைதான் சொல்லலாம். அதனாலதான் சொல்ற விதம் ரொம்ப முக்கியம்.

பெரிய தப்பு ஷரத்த படிக்காம எழுதறது. "தொழிலாளர் உரிமை நசுக்கப்படுது, உடனே நடவடிக்கை வேணும்"னு நாலு பக்கம் எழுதினா, அது முழுக்க உண்மையா இருந்தாலும், எந்த ஷரத்து எப்படி மீறப்பட்டுச்சுன்னு அதுல இல்லேன்னா அதிகாரி ஃபைல மூடிடுவாரு.

அமெரிக்கா மத்திய அமெரிக்க நாடுகளோட போட்ட வர்த்தக ஒப்பந்தத்துக்குக் கீழ குவாத்தமாலா மேல நடத்துன கேஸ பாருங்க. 2008ல அமெரிக்க யூனியன் கூட்டமைப்பும் குவாத்தமாலா யூனியன்களும் சேர்ந்து அமெரிக்க அரசாங்கத்துகிட்ட புகார் குடுத்தாங்க, தீர்ப்பு வந்தது 2017ல. யூனியன் வேலை பார்த்ததுக்காக டிஸ்மிஸ் ஆனவங்கள திரும்ப எடுக்கச் சொன்ன கோர்ட் உத்தரவ குவாத்தமாலா அரசாங்கம் அமல்படுத்தலன்னு, 8 இடங்கள்ல 74 தொழிலாளர்கள் விஷயத்துல நடுவர் குழுவே ஒத்துக்கிச்சு. ஆனாலும் அமெரிக்கா தோத்துச்சு, ஏன்னா அந்த ஒப்பந்தத்துல மீறல் "வர்த்தகத்தப் பாதிக்கற விதத்துல" இருக்கணும்னு ஒரு நிபந்தனை, அத நிரூபிக்க முடியல. எந்த கம்பெனி ஏற்றுமதி பண்ணுது, கூலிய அமுக்கினதால அதுக்கு விலையில என்ன சாதகம் வந்துச்சுங்கற கணக்கு மொதல்லயே சேர்த்திருக்கணும், அந்த ஒரு கண்ணி இல்லாம அத்தன பேரோட வாக்குமூலமும் வீணாப்போறத பாக்க வயிறு எரியுது.

அதே நிபந்தனை எல்லா ஒப்பந்தத்துலயும் இருக்குன்னு நினைக்கறதும் தப்புதான். ஐரோப்பிய யூனியன் தென்கொரியா மேல நடத்துன கேஸ்ல 2021 ஜனவரியில நிபுணர் குழு சங்கம் அமைக்கற உரிமை பத்தின ஷரத்துக்கு வர்த்தக பாதிப்ப நிரூபிக்கத் தேவையில்லன்னு தெளிவா சொல்லிடுச்சு. கொரியாவோட யூனியன் சட்டத்துல "தொழிலாளி"ங்கறதுக்கு குடுத்த விளக்கம் ரொம்பக் குறுகலா இருக்குன்னும் தீர்ப்பு வந்துச்சு. ஆனா ஐஎல்ஓ, அதாவது சர்வதேச தொழிலாளர் அமைப்போட உடன்படிக்கைகள ஏத்துக்க "தொடர்ந்து முயற்சி பண்ணணும்"ங்கற ஷரத்துல கொரியா மீறலன்னு விட்டுட்டாங்க, ஏன்னா அந்த ஷரத்து முயற்சியத்தான் கேக்குது, இந்தத் தேதிக்குள்ள ஏத்துக்கணும்னு கெடு வைக்கல. அப்படியும் அதே வருஷம் கொரியா மூணு உடன்படிக்கைகள ஏத்துக்கிச்சு. அதனால ஒப்பந்தம் பேச்சுவார்த்தையில இருக்கும்போதே கறாரான வாசகம் கேளுங்க, கையெழுத்தான பிறகு பொலம்பி பிரயோஜனமில்ல.

இந்தக் கொரியா கேஸ ஆரம்பிக்கச் சொல்லி ஐரோப்பிய ஆலோசனைக் குழு 2014லயே கேட்டாங்க, ஐரோப்பிய யூனியனோட நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் கன்சல்டேஷன் (கேஸோட முதல் படியான முறைப்படி பேச்சுவார்த்தை) கேட்டது 2018 டிசம்பர்ல. வருஷத்துக்கு ஒரு மீட்டிங் போனோம், பேசினோம், வந்தோம்னு இருந்தா இப்படித்தான் இழுத்துக்கிட்டே போகும். எழுத்துல குடுங்க, எழுத்துல பதில் கேளுங்க, தேதி குறிப்பிடுங்க, பதில் வரலன்னா அதையும் அடுத்த ரிப்போர்ட்ல போடுங்க.

ஒருமனதா ஒரே அறிக்கை வேணுங்கறதுக்காக எல்லாத்தயும் நீர்த்துப்போக விட்டுடாதீங்க. முதலாளிகள் சங்கம் ஒத்துக்கலன்னா "இந்தந்த உறுப்பினர்கள் இப்படிச் சொன்னாங்க"ன்னு தனியா பதிவு பண்ணக் கேளுங்க.

இன்னொன்னு, எதிர்த் தரப்பு நாட்டுல இருக்கற குழுவோட பேசாம அவங்க சார்பா எழுதறது, இது நிஜமாவே ஆபத்து. ஐரோப்பிய யூனியன் வியட்நாமோட போட்ட ஒப்பந்தத்த கண்காணிக்கற சிவில் சமூக நெட்வொர்க்ல இருந்த ரெண்டு பேர் 2021ல கைதாகி, வரி ஏய்ப்பு கேஸ்ல ஜெயிலுக்குப் போனாங்க. யாரோட பேரப் போடறதுக்கு முன்னாடியும் அவங்ககிட்ட கேளுங்க. பேர மறைச்சாலும் எதிர்த் தரப்பு விடாது, குவாத்தமாலா கேஸ்ல அப்படிப்பட்ட சாட்சியத்த ஏத்துக்கக் கூடாதுன்னு அந்த அரசாங்கம் வாதாடுச்சு, அதனால சம்பள ரசீது, கோர்ட் உத்தரவு, இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் மாதிரி காகித ஆதாரமும் கூடவே திரட்டணும்.

சுற்றுச்சூழல கடைசி பத்தியில "காட்டையும் காப்பாத்துங்க"ன்னு ஒட்ட வைக்கற பழக்கத்தயும் விடணும். 2009ல அமலுக்கு வந்த அமெரிக்கா பெரு ஒப்பந்தத்துல காட்டுக்குன்னே தனி பின்னிணைப்பு இருக்கு, மரம் வெட்டறத கண்காணிக்கற ஓசின்ஃபோர் அமைப்பு சுதந்திரமா இருக்கணும்னு அதுலயே எழுதியிருக்கு. 2018 டிசம்பர்ல பெரு அத சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு கீழ கொண்டுபோனாங்க, அடுத்த மாசமே அமெரிக்கா முறைப்படி கன்சல்டேஷன் கேட்டுச்சு, 2019 ஏப்ரல்ல பெரு அந்த உத்தரவ வாபஸ் வாங்கிட்டாங்க. எந்த அமைப்பு, எப்படி இருக்கணும்னு பேரோட எழுதினதால அத மாத்தினது உடனே மீறலா தெரிஞ்சுது. நீங்களும் பரிந்துரை எழுதும்போது எந்த அமைப்பு, என்ன அதிகாரம், எந்த தேதிக்குள்ளன்னு எழுதுங்க.