பாடசாலை நூலகத்தில் காலம் கடந்த நூல்களைக் கழித்தல்: வன்னிப் பாடசாலைகளுக்கு ஒரு வழிகாட்டி

போரில் நூல்களை இழந்த வன்னிப் பாடசாலைகள் பலவற்றின் அலுமாரிகள் பின்னர் அன்பளிப்புகளால் நிரம்பின. வந்த பெட்டிகளில் அருமையான நூல்களும் இருந்தன, கொடுத்தவருக்கே உதவாமற்போன நூல்களும் இருந்தன. இரண்டும் இன்று ஒரே இறாக்கையில் நிற்கின்றன. பிழையான நூலிலும் நூலக முத்திரை இருந்தால் தரம் 7 பிள்ளை அதை நம்பித்தான் ஒப்படை எழுதும். நூற்கழிப்பு அவசியமாவது அதனால்தான்.

இறாக்கையில் கை வைக்கும் முன், வந்த ஒவ்வொரு நூலையும் இலக்கமிட்டுப் பதியும் சேர்வுப் பதிவேட்டை எடுங்கள். அன்பளிப்பாக வந்தாலும் பதிவேட்டில் ஏறிய நூல் பாடசாலைச் சொத்து. ஆசிரிய நூலகர் தனியே தீர்மானித்து வெளியேற்ற முடியாது. அதிபர், ஆசிரிய நூலகர், இரண்டு மூன்று பாட ஆசிரியர்கள் கொண்ட குழு பரிந்துரைக்க வேண்டும். அந்தப் பரிந்துரை ஆண்டுப் பொருட் கணக்கெடுப்போடு சேர்ந்து வலயக் கல்விப் பணிமனைக்குப் போய் அனுமதி பெற வேண்டும். இதைத் தவிர்த்தால் அடுத்த கணக்காய்வில் அத்தனை நூலும் 'காணாமற்போனவை' ஆகிவிடும். இன்னும் பதியாத பெட்டிகள் இருந்தால் அவற்றை முதலில் தரம் பிரித்து, வேண்டியதை மட்டும் பதியுங்கள். பதிந்தபின் கழிப்பதைவிட அது எவ்வளவோ இலகு.

காலம்: ஆகஸ்ட் விடுமுறை நல்லது. சோளகம் வீசும் அந்த நாட்களில் நூல்கள் காய்ந்திருக்கும். தூசுக்கு மட்டும் முகக்கவசம் வேண்டும். ஒக்டோபரில் மழை தொடங்கிய பிறகு நூல்களை நிலத்தில் இறக்கி வைத்தால் ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடிக்கும்.

ஒரு நாளைக்கு ஒரு இறாக்கை போதும். மூன்று பெட்டிகள் வையுங்கள்: கழிக்க, திருத்த, ஆசிரியரிடம் கேட்க. ஒவ்வொரு நூலிலும் ஒரு துண்டுக் கடதாசி செருகி, சேர்வு இலக்கம், வெளியான ஆண்டு, கடைசியாக இரவல் போன திகதி, காரணம் ஆகிய நான்கையும் எழுதுங்கள். காரணம் எழுத முடியாத நூலைக் கழிக்க வேண்டாம்.

ஆண்டைப் பார்க்கும்போது கவனம் தேவை. 2015 மறுபதிப்பு என்று அச்சிட்ட நூலின் உள்ளடக்கம் 1988க்கு உரியதாக இருக்கலாம். தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் முதற்பதிப்பு ஆண்டைத் தேடுங்கள். இரவல் திகதியும் ஏமாற்றும். பூட்டிய கண்ணாடி அலுமாரியில் இருந்த நூலை யாரும் எடுக்கவில்லை என்றால் குற்றம் நூலில் இல்லை. அப்படிப்பட்டவற்றை ஒரு தவணை திறந்த இறாக்கையில் வைத்துப் பார்த்தபின் முடிவெடுங்கள்.

நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் தூயி பகுப்பில் 000 (பொது, கணினி), 500 (விஞ்ஞானம்), 600 (தொழினுட்பம், உடல்நலம்), 900 (புவியியல், வரலாறு) ஆகியவற்றில் தொடங்குங்கள். கணினி நூல்களுக்கு ஐந்து ஆண்டு, உடல்நலம், புவியியல் நூல்களுக்கு ஐந்து முதல் பத்து ஆண்டு என்பது பொதுவான அளவு. ஆனால் ஆண்டு சந்தேகத்தை எழுப்பத்தான், தீர்ப்பது உள்ளடக்கம். விரைவாகச் சோதிக்கச் சில அடையாளங்கள் உண்டு. இலங்கையில் 24 மாவட்டங்கள் என்றிருந்தால் கிளிநொச்சி தனி மாவட்டமான 1984க்கு முந்தியது. வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணமாகக் காட்டப்பட்டால் 2007க்கு முந்திய நிலை. சூடான் பிரியாத உலகப்படம் 2011க்கு முந்தியது. புளூட்டோவை ஒன்பதாவது கோளாகச் சொல்லும் வானியல் நூல் 2006இன் தீர்மானத்தை அறியாதது. மலேரியாவை இங்கு இன்றும் பரவும் நோயாக எழுதிய சுகாதார நூலை வன்னிப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2016இல் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்துவிட்டது. அதற்காக எல்லாவற்றையும் தூக்கிப் போடவும் வேண்டாம். ஆவர்த்தன அட்டவணையில் நான்கு மூலகங்களின் புதிய பெயர்கள் இல்லை என்பதற்காக நல்ல இரசாயனவியல் நூலைக் கழிப்பது வீண். திருத்தத்தை அச்சிட்டு உள்ளே ஒட்டினால் போதும்.

உயர்தரத்தில் புதிய பாடத்திட்டப் பரீட்சை 2019இல் தொடங்கியது. அதற்கு முந்திய வினாத்தாள் தொகுப்புகளைப் பாட ஆசிரியரிடம் காட்டுங்கள். இணைந்த கணிதத்தில் பல கணக்குகள் இன்றும் பயிற்சிக்கு உதவும்; பாட அலகே மாறியிருந்தால் உதவாது. தமிழ்நாட்டுப் பாடநூல்களும் துணைநூல்களும் பாடத்திட்டத்தாலும் கலைச்சொற்களாலும் வேறுபட்டவை; பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் கண்ணில் படும் இடத்தில் அவற்றை வைக்க வேண்டாம்.

கதை, கவிதை நூல்களுக்கு வயதில்லை. கிழிந்திருந்தால் மாப்பசையும் மெல்லிய கடதாசியும் கொண்டு ஒட்டுங்கள். செலோரேப் சில ஆண்டுகளில் மஞ்சளாகிப் பக்கத்தையே கெடுக்கும். ஒரே நூல் நாற்பது பிரதி வந்திருந்தால் மூன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை வேறு பாடசாலைகளுக்குக் கொடுக்க அனுமதி கேளுங்கள்.

எந்த நிலையிலும் கழிக்கக் கூடாத ஒரு வகை உண்டு. பாடசாலை மலர், கோயில் கும்பாபிஷேக மலர், நினைவு மலர், கிராம வரலாறு, வன்னி எழுத்தாளர்களின் நூல், பழைய பிரதேச வரைபடம் ஆகியவை அட்டை போயிருந்தாலும், கறையான் பாதி தின்றிருந்தாலும், காப்பாற்றப்பட வேண்டியவை. இடப்பெயர்வுகளில் இவற்றின் பிரதிகள் எவ்வளவோ அழிந்தன. உங்கள் கையிலிருப்பது கடைசிப் பிரதியாகவும் இருக்கலாம். தனி அலுமாரியில் வைத்து, 'நூலகம்' என்ற நிறுவனத்தின் எண்ணிம (டிஜிட்டல்) நூலகத்தில் அந்த நூல் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் எண்ணிமப்படுத்தக் கொடுங்கள். 24 மாவட்டம் காட்டும் அந்தப் பழைய வரைபடமும் இங்கேதான் வர வேண்டும்.

பூஞ்சணம் பிடித்த நூலை உடனே பொலித்தீன் பையில் கட்டித் தனியே வையுங்கள். வைத்திருக்க வேண்டிய நூலென்றால் வெளியே நிழலில் காயவிட்டு, மென்தூரிகையால் துடையுங்கள். நேர்வெயில் தாளை நொறுங்க வைக்கும். பூச்சிமருந்தை நூலில் அடிக்கவே வேண்டாம்.

அனுமதி வந்தபின் பதிவேட்டில் அந்த இலக்கத்துக்கு நேரே சிவப்பு மையால் திகதியையும் காரணத்தையும் எழுதுங்கள். இலக்கத்தை அழிக்கவோ வேறு நூலுக்குக் கொடுக்கவோ கூடாது. நூலாசிரியர், தலைப்பு, பொருள் அட்டைகள் மூன்றையும் பட்டியலிலிருந்து எடுங்கள். ஒன்று தவறினால் பிள்ளைகள் இல்லாத நூலைத் தேடுவார்கள். நூலில் 'கழிக்கப்பட்டது' என்ற முத்திரையைக் குத்தி, பாடசாலை முத்திரைகளைக் குறுக்கே கோடிட்டு நீக்குங்கள்.

தகவல் பிழையான நூலை முன்பள்ளிக்கோ கிராம வாசிகசாலைக்கோ தள்ளிவிடுவது நியாயமல்ல. அங்கேயும் அது பிழைதான். பிளாஸ்டிக் உறையையும் கம்பியையும் கழற்றி, அனுமதியில் சொன்ன முறைப்படி பழைய கடதாசி வாங்குபவருக்கு நிறுத்துக் கொடுங்கள். எரிக்க வேண்டாம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை மறக்காத மக்களின் முன் பாடசாலை வளவில் நூல் எரிவது, காரணம் எதுவானாலும், பெரிய காயம்.

இறாக்கையில் கால்வாசி இடம் வெறுமையாக இருக்கட்டும். அன்பளிப்பு அனுப்புவோருக்கு உங்கள் தேவைப் பட்டியலை இனி முன்கூட்டியே கொடுங்கள்: எந்தப் பாடம், எந்தத் தரம், எந்த மொழி, எந்த ஆண்டுக்குப் பிந்திய பதிப்பு, எத்தனை பிரதி. பட்டியலில் இல்லாதவற்றை அனுப்பும் முன் அட்டையையும் பதிப்புப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.