மூணு ஃபிலிம் துண்டை வெச்சு க்யூபிட் பழகறது எப்படி

குவாண்டம் கம்ப்யூட்டர்ல தகவலைத் தாங்கற சின்ன அலகு க்யூபிட், அதைப் பத்திக் கேட்டா "ஒரே நேரத்துல 0, 1 ரெண்டுமா இருக்கும்"னு ஒரு வரி சொல்லி விட்டுர்றாங்க, கேக்கற புள்ளைங்களும் தலையாட்டிட்டுப் போயிருதுங்க, ஒண்ணும் வெளங்கறதில்ல. அதுக்கோசரம் நான் கணக்குல ஆரம்பிக்கறதே இல்லீங்க, போலராய்டு ஃபிலிம்ல, அதாவது ஒரு வாட்டத்துல ஆடற வெளிச்சத்தை மட்டும் விடற ஃபிலிம்ல தான் ஆரம்பிப்பேன்.

டிவி ரிப்பேர் கடையில ஒடஞ்ச எல்சிடி பேனல் கெடந்தா கேட்டு வாங்கிக்குங்க. கண்ணாடி மேல ஒட்டியிருக்கற ஃபிலிமை ஓரத்துல கெளப்பி மெதுவா உரிக்கணும், சில்லு கையில ஏறிரும், கிளவுஸ் கட்டாயம். உள்ளங்கை அகலத்துக்கு மூணு துண்டு போதும்.

இனி எது நேர்னு கண்டுபுடிக்கோணும். பொழுது சாயறப்ப வாய்க்கால் கரையில நின்னு (நான் பாத்தது காளிங்கராயன் வாய்க்கால்ல) தண்ணி மேல கூசற வெளிச்சத்தை ஃபிலிம் வழியா பாத்துக்கிட்டே ஃபிலிமைத் திருப்புங்க, சூரியனை மட்டும் நேரா பாத்துராதீங்க. ஒரு எடத்துல கூச்சம் நல்லா அடங்கும். தண்ணியில பட்டுத் தெறிக்கற வெளிச்சம் பெரும்பாலும் படுக்கைவாட்டத்துல ஆடறது, அதைத் தடுக்குதுன்னா ஃபிலிம் இப்ப நேரா நிக்குதுன்னு அர்த்தம். மேலருந்து கீழ மார்க்கர்ல ஒரு கோடு போட்டுருங்க, மூணுக்கும்.

வீட்டுக்கு வந்து டியூப்லைட்டுக்கு முன்னாடி ஒண்ணை நேராவும் இன்னொண்ணை குறுக்காவும் புடிங்க, தறியில பாவும் ஊடையும் மாதிரி. இருட்டு. இப்ப மூணாவது துண்டை 45 டிகிரி சாய்ச்சு ரெண்டுக்கும் நடுவுல சொருகுங்க, வெளிச்சம் வரும்! முன்னாடியோ பின்னாடியோ வெச்சா வராது, நடுவுல வெச்சா மட்டும் தான். சல்லடையா இருந்தா இன்னொண்ணு சேத்தா கொறையத்தானே வேணும்?

ஃபிலிம் சலிக்கலீங்க, கேள்வி கேக்குது. வெளிச்சத்தோட ஒரு துளி தான் போட்டான், அது தான் இங்க நம்ம க்யூபிட். அது ஆடற வாட்டம் பாவுன்னா 0, ஊடைன்னா 1, சாஞ்சதுன்னா ரெண்டும் கலந்ததுன்னு வெச்சுக்குங்க. சாஞ்ச ஃபிலிம் "இப்படிச் சாஞ்சிருக்கியா"ன்னு கேட்டதும் போட்டான் ஆமாம்னு தாண்டுச்சுன்னா அது இனி சாஞ்ச போட்டான் தான், முன்னால நேரா இருந்தது அழிஞ்சு போச்சு. 45 டிகிரின்னா தாண்ட வாய்ப்பு பாதி, 30ன்னா முக்கால், 60ன்னா கால். நல்ல ஃபிலிமா இருந்தா மூணும் தாண்டி எட்டுல ஒரு பங்கு வெளிச்சம் வரும். ஒண்ணு நேர்மையா சொல்லிடறேன், இவ்வளவையும் வெளிச்சத்தை அலைன்னு வெச்சே வெளக்கிரலாம், குவாண்டம் வர்றது ஒவ்வொரு போட்டானா விடும்போது தான், ஏன்னா போட்டான் பாதியா ஒடையாது, ஒண்ணு போகும் இல்லாட்டி நிக்கும்.

இப்படிக் கேள்வி கேட்டு அளந்தா மாறிரும், அதனால அளந்து பாத்துக் காப்பி எடுக்கவும் வழியில்ல. (எந்த வழியிலயும் முடியாதுன்னு 1982ல நிரூபிச்சாங்க.) 1984ல பென்னட்டும் பிராசார்டும் இதை வெச்சுத் தான் சேதியைப் பூட்டற ரகசிய சாவியை அனுப்பற முறையைச் சொன்னாங்க, அதைச் சீட்டுலயே வெளையாடலாம். சீட்டுல 0 அல்லது 1, கூடவே "நேர்" (பாவு-ஊடை வாட்டம்) அல்லது "சாய்வு" (அதையே 45 டிகிரி சாய்ச்சது)ன்னு வகையும் எழுதி மடிச்சுக் குடுங்க. வாங்கறவர் பிரிக்கறதுக்கு முன்னாடியே நேரா சாய்வான்னு தன் வகையைச் சொல்லிரணும், ஒத்துப்போனா சீட்டுல இருக்கறது, ஒத்துப்போகலைன்னா காசு சுண்டி வர்றது. கடைசியில அனுப்பினவரும் வாங்கினவரும் வகை ஒத்த சீட்டை மட்டும் வெச்சுக்குங்க, அதுல இருக்கற 0, 1 தான் சாவி. அடுத்த ரவுண்டுல நடுவுல ஒருத்தரை ஒட்டுக்கேக்க விடுங்க, அவரும் இதே மாதிரி பாத்து, தனக்குக் கெடைச்சதைத் தன் வகையில புதுச் சீட்டா எழுதித் தாட்டிவிடணும். வெச்சுக்கிட்ட சீட்டை ரெண்டு பேரும் ஒப்பிட்டுப் பாத்தா நாலுக்கு ஒண்ணு தப்பும், திருடன் மாட்டிக்குவான். பத்துச் சீட்டுல இது தெரியாது, நூறாவது ஓட்டிப் பாருங்க.