வீட்டுக் கடனுக்கு விவாகரத்து கிடையாது

பிரிவது என்று முடிவானதும் பெரும்பாலான தம்பதிகள் மல்லுக்கு நிற்பது ஒரே கேள்வியில்தான்: வீடு யாருக்கு? அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரே ஆளின் சம்பளத்தில் இந்த வீடு தாங்குமா? தாங்காது என்றால், யாருக்கு என்று வக்கீல் வைத்து வாதாடுவதில் அர்த்தமில்லை. வாதாடி வாங்கியவரே ஆறேழு மாதத்தில் தவணைக்குத் திண்டாடிக்கொண்டிருப்பார்.

இரண்டு சம்பளத்தை நம்பி வாங்கிய வீடு இது. பிரிந்த பிறகு அதே இரண்டு சம்பளம் இரண்டு குடித்தனத்தை நடத்த வேண்டும். இரண்டு கரண்ட் பில், இரண்டு கேஸ் இணைப்பு, இன்னொரு ஃபிரிட்ஜ், இன்னொரு கட்டில். கணக்குப் போட உட்காருபவர்கள் மாதத் தவணையை மட்டும் எழுதிவிட்டு "சமாளித்துவிடலாம்" என்று பேனாவை மூடிவிடுகிறார்கள். சொத்து வரி, காப்பீடு, பராமரிப்புக் கட்டணம், பழுதாகும் மோட்டார், ஒழுகும் கூரை, சில வருடத்துக்கு ஒரு முறை அடிக்க வேண்டிய பெயின்ட் எல்லாவற்றையும் எழுதிப் பன்னிரண்டால் வகுத்துத் தவணையோடு சேர்த்த பிறகு சொல்லுங்கள். இன்னொன்று: மற்றவர் தர வேண்டிய ஜீவனாம்சத்தை வரவில் சேர்த்தால்தான் கணக்கு நிற்கிறது என்றால், அந்தப் பணம் ஒரு மாதம் தாமதமானால் என்ன செய்வீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

பத்திரம் வேறு, கடன் வேறு

இதில்தான் நான் பார்த்தவரை அதிகம் பேர் விழுகிறார்கள். வீட்டுக்கு இரண்டு காகிதங்கள். ஒன்று, சொத்து யாருடையது என்று சொல்லும் பத்திரம். மற்றொன்று, கடனை யார் திருப்பிக் கட்ட வேண்டும் என்று சொல்லும் கடன் ஒப்பந்தம். பத்திரத்தில் பெயரை எடுத்தால் கடனிலும் தானாகப் போய்விடும் என்று நினைப்பது தவறு. "இனித் தவணையை அவரே கட்டுவார்" என்று பிரிவு ஒப்பந்தத்தில் எழுதியிருக்கலாம், நீதிமன்றமே அதை ஏற்றுக்கொண்டும் இருக்கலாம். அது உங்கள் இருவருக்கும் நடுவில் உள்ள ஏற்பாடு. வங்கி அதில் கையெழுத்துப் போடவில்லை. கூட்டுக் கடன் என்றால் ஆளுக்குப் பாதி என்று அர்த்தமில்லை. ஒவ்வொருவரும் முழுக் கடனுக்கும் பொறுப்பு. அவர் மூன்று மாதம் கட்டாமல் விட்டால் நோட்டீஸ் உங்களுக்கும் வரும், கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறீர்கள் என்று காட்டும் கடன் மதிப்பெண் உங்களுக்கும் சரியும். ஒப்பந்தத்தைக் காட்டி அவர் மேல் நீங்கள் வழக்குப் போடலாம்தான். ஆனால் அதற்குள் சேதம் நடந்து முடிந்திருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி, விவாகரத்தாகி நான்கு வருடம் கழித்துச் சின்னதாக ஒரு ஃபிளாட் வாங்கக் கடன் கேட்டுப் போனார். அதிகாரி கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மேடம், உங்க பேர்ல ஏற்கெனவே ஒரு வீட்டுக் கடன் ஓடுதே?"

"அந்த வீட்டை அப்பவே எழுதிக் கொடுத்துட்டேன் சார்."

"வீட்டை எழுதிக் கொடுத்தீங்க, சரி. கடன்ல நீங்கதான் மேடம் இருக்கீங்க."

பழைய வீட்டின் முழுத் தவணையும் அவருடைய செலவாகக் கணக்கில் ஏறியிருந்தது. முன்னாள் கணவர் ஒழுங்காகக் கட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறார். அதனால் ஒன்றும் ஆகவில்லை. புதுக் கடன் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். வீடு கையை விட்டுப் போய், கடன் மட்டும் கழுத்தில் நிற்கும் இந்த நிலையை விட மோசமான ஏற்பாடு இதில் கிடையாது.

வெளியே வர வழி உண்டு. வீட்டை வைத்துக்கொள்பவர் தன் ஒருவர் பெயரில் புதுக் கடன் வாங்கிப் பழைய கடனை அடைப்பது ஒன்று. மற்றவரை விடுவிக்கிறோம் என்று வங்கியிடமே எழுத்தில் வாங்குவது இன்னொன்று. இரண்டுக்கும் வங்கி ஒற்றை வருமானத்தைப் புதிதாக எடை போடும். சம்மதிக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. புதுக் கடன் என்றால் இன்றைய வட்டி. பழைய வட்டி குறைவாக இருந்திருந்தால் தவணை எகிறும். ஆகவே முதலில் வங்கி, அப்புறம் ஒப்பந்தம். எழுதும்போது "ஆறு மாதத்துக்குள் கடனைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும், முடியாவிட்டால் வீட்டை விற்க வேண்டும்" என்று இரண்டு பாதியையும் எழுதுங்கள். எல்லோரும் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள்.

"இத்தனை வருடம் கட்டியிருக்கிறோமே!"

கட்டியிருக்கிறீர்கள், ஆனால் எதற்குக் கட்டினீர்கள் என்று பாருங்கள். கடன் 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். 9 சதவீத வட்டி, 20 வருடம். மாதத் தவணை சுமார் 0.90 பங்கு. ஐந்து வருடத்தில் 54 பங்கு கட்டியாயிற்று. பாக்கி எவ்வளவு? 89 பங்குக்குச் சற்றுக் குறைவு. அதாவது 54ல் அசலுக்குப் போனது 11 சொச்சம், மீதி எல்லாம் வட்டி. இன்று வீடு 110க்கு விலை போகிறது என்றால் பாக்கி போக 21. தரகு, பத்திரச் செலவு, முன்கூட்டி அடைக்கும் கட்டணம் (இருந்தால்), வரி என்று 5 போனால் கையில் நிற்பது 16, ஆளுக்கு எட்டு. "வீட்டில் பாதி" என்று 55ஐ மனதில் வைத்துப் பேசுபவரும், "கடன்தானே இருக்கிறது, உனக்கு ஒன்றுமில்லை" என்பவரும் இந்த எட்டுக்குத்தான் இறங்கி வர வேண்டும். விலையை நீங்களே சொல்லாதீர்கள். வெளியேறுபவருக்கு வீடு எப்போதும் மாளிகையாகவும், இருப்பவருக்கு எப்போதும் பழைய கட்டடமாகவும் தெரியும். இருவரும் சேர்ந்து ஒரு மதிப்பீட்டாளரை அமர்த்துவது மலிவு.

வீட்டுக்காகச் சேமிப்பையும் ஓய்வுக்கால நிதியையும் விட்டுக்கொடுப்பதும் நடக்கிறது. பள்ளிக் கட்டணம் வரும்போது ஒரு படுக்கையறையை மட்டும் விற்க முடியாது என்பதை அப்போது யாரும் யோசிப்பதில்லை.

கோபத்தில் தவணையை நிறுத்துவது

"அங்கே குடியிருப்பது அவள், அவளே கட்டட்டும்." "வாங்கலாம் என்று குதித்தவர் அவர், அவரே கட்டட்டும்." இரண்டு பக்கமும் நியாயம் இருக்கலாம். கடன் கணக்குக்கு நியாயம் தெரியாது. அபராத வட்டி ஏறும், இருவர் மதிப்பெண்ணும் சரியும், கடைசியில் வங்கி ஏலத்துக்குக் கொண்டுபோனால் வெளிச்சந்தையில் கிடைக்கக்கூடிய விலை அங்கே பெரும்பாலும் கிடைக்காது. வழக்கு முடியும் வரை தவணைக்கு மட்டும் ஒரு கணக்கு, அதில் மாதாமாதம் யார் எவ்வளவு போட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து, இவ்வளவு போதும். யார் எவ்வளவு போட்டார்கள் என்பதைக் கடைசிப் பங்கீட்டில் சரிசெய்துகொள்ளலாம்.

வீட்டை ஈடாக வைத்து ஓவர்டிராஃப்ட் வசதி, அதாவது ஒரு வரம்பு வரை வேண்டும்போது கடனாகப் பணம் எடுத்துக்கொள்ளும் வசதி, வாங்கியிருந்தால் இன்றே கவனியுங்கள். பல கூட்டுக் கணக்குகளில் ஒருவர் கையெழுத்தே பணம் எடுக்கப் போதும். இனி இருவர் ஒப்புதல் இல்லாமல் எடுக்கக் கூடாது என்று வங்கிக்கு எழுதிக் கொடுத்து, அதற்கு ஒப்புகை வாங்குங்கள்.

வீட்டின் விலையை விடக் கடன் பாக்கி அதிகமாக இருந்தால் கதையே வேறு. தவணை தவறுவதற்கு முன்பே வங்கியிடம் பேசுங்கள். தவறிய பிறகு போனால் பேச்சின் தொனி மாறிவிடும். காலத்தை நீட்டித் தவணையைக் குறைப்பது, சில மாதம் வட்டி மட்டும் கட்டுவது, வங்கியின் சம்மதத்தோடு பாக்கியை விடக் குறைவான விலைக்கு விற்பது என்று பேசிப் பார்க்க இடம் உண்டு. கடைசி வழியில் போனால், விழும் துண்டைத் தள்ளுபடி செய்கிறார்களா, கடனாகவே வைக்கிறார்களா என்று எழுத்தில் வாங்க வேண்டும். சாவியை ஒப்படைத்தால் கடன் தீர்ந்தது என்பது எல்லா இடத்திலும் உண்மையல்ல. அந்தத் துண்டை யார் சுமப்பது என்பதும் உங்கள் ஒப்பந்தத்தில் வர வேண்டும்.

விற்பதும், விற்காமல் வைத்திருப்பதும்

விற்பதாக முடிவானால் காரணத்தை ஊருக்குச் சொல்லாதீர்கள். பார்க்க வருபவர்கள் குழாயைத் திறந்து பார்ப்பதோடு நிற்க மாட்டார்கள். பாதி காலியான அலமாரி, சுவரில் படம் கழற்றிய இடத்தில் தெரியும் வெளிறிய சதுரம், கழிப்பறையில் ஒரே ஒரு டூத்பிரஷ் எல்லாம் கண்ணில் படும். அவசர விற்பனை என்று மோப்பம் பிடித்தால் விலையில் அடிப்பார்கள். இதற்குக் கீழே போக மாட்டோம் என்று ஒரு விலை, இத்தனை வாரத்தில் விற்காவிட்டால் இவ்வளவு குறைப்போம் என்று ஒரு விதி, வீட்டைக் காட்டுவது யார் என்பது, இந்த மூன்றையும் விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள். உள்ளே இருப்பவர் விற்க மனமில்லாமல் "இன்னைக்கு வேண்டாம், உடம்பு சரியில்லை" என்று தள்ளிக்கொண்டே போவது எத்தனையோ வீடுகளில் நடந்திருக்கிறது.

"விலை ஏறட்டும், அதுவரை வாடகைக்கு விடலாம்" என்பது கேட்க நன்றாக இருக்கும். தண்ணீர் மோட்டார் எரிந்தால் நீங்கள் இருவரும் போனில் பேச வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். ஒருவரோடு ஒருவர் பேச முடியாமல்தானே பிரிகிறீர்கள்! பிள்ளை பள்ளி முடிக்கும் வரை வைத்திருப்பது இதைவிட நியாயமான காரணம், நானே சிலருக்கு அதைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அதற்கும் ஒரு முடிவுத் தேதி வேண்டும். வாடகை எந்தக் கணக்கில் விழும், காலியாகக் கிடக்கும் மாதத்தில் தவணை யாருடையது, எவ்வளவு தொகை வரை கேட்காமல் பழுது பார்க்கலாம், நடுவில் ஒருவர் இறந்துபோனால் கடனுக்குக் காப்பீடு இருக்கிறதா, உயிலிலும் நாமினியிலும் இன்னும் யார் பெயர் இருக்கிறது என்பதையெல்லாம் பார்த்து எழுதிக்கொள்ளாமல் இதில் இறங்காதீர்கள்.

எந்த வழியில் போனாலும், கடன் முடிந்த சான்றிதழையும் அசல் பத்திரங்களையும் கையில் வாங்கி, ஒன்றிரண்டு மாதம் கழித்து இருவரும் தனித்தனியாகக் கடன் அறிக்கை எடுத்துப் பாருங்கள். அதுவரை பழைய முகவரிக்கு வரும் தபாலை யார் பிரித்துப் பார்ப்பது என்றும் பேசிக்கொள்ளுங்கள். தவணை தவறினால் முதல் கடிதம் பெரும்பாலும் அந்த வீட்டு வாசலுக்குத்தான் வரும், வெளியேறியவருக்குத் தெரியவே தெரியாது.