மச்சம் பார்க்கிறீர்களா? உள்ளங்காலில் இருந்து தொடங்குங்கள்

நம்மைப் போலக் கறுத்த தோல்காரர்களுக்குத் தோல் புற்றுநோய் வராது என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளைக்காரர்களைவிட நமக்கு மிகவும் குறைவு என்பது உண்மைதான். ஆனால் வரும், வந்தால் தாமதமாகத்தான் தெரியவருகிறது, ஏனென்றால் யாரும் தேடுவதில்லை, தேடினாலும் முகத்தையும் கையையும் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறோம். மச்சம்போலவோ கரும்புள்ளியாகவோ தோன்றும் மெலனோமா என்கிற ஆபத்தான வகை நம் தோலில் பெரும்பாலும் வெயிலே படாத இடங்களில் வருகிறது: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. பாடகர் பாப் மார்லிக்கு வந்தது கால் பெருவிரல் நகத்தடியில்தான். 1977இல் கண்டுபிடித்தார்கள், 1981இல் 36 வயதில் இறந்துபோனார்.

குமுளி, வண்டிப்பெரியாறு, நெடுங்கண்டம் பக்கம் எஸ்டேட் வேலை செய்பவர்களுக்கும், கம்பம், போடியில் இருந்து தினமும் ஜீப்பில் மலையேறுகிறவர்களுக்கும் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கை முழுக்க ஏலக்காய்க் கறை அல்லது தேயிலைக் கறை, காலில் அட்டை கடித்த தழும்பு, பித்த வெடிப்புக்குள் செம்மண். இதற்கு நடுவில் ஒரு கரும்புள்ளி புதிதாக வந்தால் எப்படித் தெரியும்? அதனால் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையும் கையையும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, நன்றாகத் தேய்த்துக் கழுவித் துடைத்துவிட்டு, வாசலில் பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து பாருங்கள். கறை என்றால் தேய்க்கத் தேய்க்க மங்கும், அடுத்த மாதம் அதே வடிவத்தில் அதே இடத்தில் இருக்காது. மங்காமல் நிற்கிற புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். விரல் இடுக்கு, குதிகால் ஓரம் எல்லாம் விரித்துப் பார்க்க வேண்டும். முதுகையும் தலைமுடிக்குள்ளும் வீட்டில் உள்ளவர்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும், வெட்கப்பட வேண்டாம்.

நகம் தனிக் கதை. நகத்தில் நீளவாட்டில் கருங்கோடு இருப்பது நம் தோலுக்குச் சகஜம், பல விரல்களில் வருஷக்கணக்காக மாறாமல் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஒரே ஒரு விரலில் புதிதாக வந்து, அகலமாகிக்கொண்டே போய், நகத்தைச் சுற்றியுள்ள சதையிலும் கறுப்பு இறங்கினால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். கல் விழுந்து ரத்தம் கட்டியதா, வேறு ஏதாவதா என்ற சந்தேகம் வருவதும் இங்கேதான். ரத்தக்கட்டு என்றால் நகம் வளர வளர நுனியை நோக்கி நகரும், வேர்ப்பக்கம் சுத்தமான நகம் முளைக்கும். கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும், கால் நகம் அதைவிட மெதுவாக. இரண்டு மூன்று மாதம் போயும் நகரவில்லை என்றால் அது அடிபட்ட ரத்தம் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சாதாரண மச்சங்களில் என்ன பார்க்க வேண்டும்? ஒரு பாதி மறு பாதியைப் போல இல்லாமல் இருப்பது, ஓரம் பிசிறடித்து இருப்பது, ஒரே மச்சத்தில் கறுப்பு, பழுப்பு, சிவப்பு, வெள்ளை என்று கலந்து கிடப்பது, 6 மில்லிமீட்டரைத் தாண்டுவது (பென்சிலின் பின்பக்கம் ஏறக்குறைய அவ்வளவுதான்). இவற்றையெல்லாம்விட நான் பெரிதாக நினைப்பது மாற்றத்தை. இருபது வருஷமாக அப்படியே கிடக்கும் பெரிய மச்சத்தைவிட, நாற்பது வயதுக்கு மேல் புதிதாக முளைத்து வளர்கிற சின்னதுதான் கவனிக்க வேண்டியது. உடம்பில் மற்ற மச்சங்களோடு சேராமல் ஒன்று மட்டும் தனித்துத் தெரிந்தாலும் காட்டுங்கள். மச்சத்தில் முடி இருப்பது மட்டும் ஆபத்து அறிகுறி அல்ல.

மாற்றம் தெரிய போட்டோ வேண்டும். பள்ளிக்கூட ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து, அதே வெளிச்சத்தில் அதே தூரத்தில் எடுங்கள். போனில் பியூட்டி மோடை மறக்காமல் அணைத்துவிடுங்கள், அது புள்ளியையே அழித்துவிடும்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். காலில் ஆறாத புண் என்றதும் சர்க்கரைப் புண் என்று முடிவு செய்து மாதக்கணக்கில் கட்டுப் போட்டுக்கொண்டிருப்பார்கள். மெலனோமாவும் அப்படித் தோன்றும், சில நேரம் கறுப்பே இல்லாமல் இளஞ்சிவப்பாகக்கூட. பழைய தீக்காயத் தழும்பில் திரும்பத் திரும்ப உடைகிற புண், பாவாடை நாடா இறுக்கி இறுக்கிக் கறுத்த இடுப்பில் வந்த ஆறாத புண், இவையும் வேறு வகைத் தோல் புற்றாக மாறக்கூடும். நாலு வாரத்தில் ஆறாத எந்தப் புண்ணுக்கும் பெயர் தெரிந்தாக வேண்டும். காலில் புண்ணோடு தொடையிடுக்கில் வலியில்லாமல் நெறி கட்டியிருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

தயவுசெய்து மச்சத்தைச் சுண்ணாம்பு வைத்துச் சுடாதீர்கள், நூல் கட்டாதீர்கள், பியூட்டி பார்லரில் எடுக்காதீர்கள். மேலே உதிர்ந்துவிடும், அடியில் இருப்பது இருக்கும், அப்புறம் டாக்டருக்குப் பார்க்க அடையாளமே மிஞ்சாது. கேரளப் பக்கம் இருப்பவர்களுக்குக் கோட்டயம் மெடிக்கல் காலேஜ், இந்தப் பக்கம் க.விலக்கில் உள்ள தேனி மெடிக்கல் காலேஜ், இரண்டிலும் தோல் நோய் ஓபி உண்டு. சம்பளம் போகும் என்று தள்ளிப்போடாதீர்கள். மெலனோமா தோலுக்குள் 1 மில்லிமீட்டர் ஆழம் தாண்டும் முன் பிடித்துவிட்டால் பெரும்பாலும் வெட்டி எடுப்பதோடு வைத்தியம் முடிந்துவிடும். கத்தி பட்டால் பரவும் என்று ஊரில் சொல்வதில் உண்மை இல்லை. எந்த டாக்டர் எதை வெட்டி எடுத்தாலும், "இதை பயாப்ஸிக்கு அனுப்புகிறீர்களா, ரிசல்ட் எப்போது வாங்க வரணும்?" என்று கேளுங்கள். பயாப்ஸி என்றால் வெட்டிய சதையைச் சோதனைக்கூடத்தில் பார்ப்பது. ரிசல்ட் தேதியைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.